சிறுநீரக தானம்: விலை பேசக்கூடாத அமானிதம்

 

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. டயாலிசிஸ் செய்துவரும் நோயாளிகளின் குடும்பத்தார் இரண்டு கேள்விகள் எழுப்புவதுண்டு. சிறுநீரகம் கொடுக்க மார்க்கத்தில் அனுமதி உண்டா? கொடுத்தவரும் பெற்றவரும் நலமாக வாழ்வார்களா?

முதற் கேள்வியில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் 1988-இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, கொடுப்பவரின் உயிருக்கு ஆபத்து இல்லாதிருத்தல், அவருடைய மனமொப்பிய சம்மதம் ஆகிய நிபந்தனைகளுடன் உறுப்பு தானத்தை அனுமதித்தது, விற்பனையைத் தடுத்தது. உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதற்கு விலை பேச நமக்கு உரிமையில்லை.

இனி இரண்டாவது கேள்வி. 1954-இல் பாஸ்டன் நகரில் டாக்டர் ஜோசப் மர்ரே, உருவொத்த இரட்டையரில் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவருக்குப் பொருத்தி வெற்றி கண்டார். இரட்டையர் அல்லாதோரின் உடலோ பிறருடைய உறுப்பை ஏற்க மறுத்தது. நம் மாநிலத்தில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை 1971-இலேயே இச்சிகிச்சையில் வெற்றி கண்டது. பின்னர் வந்த சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் போன்ற மருந்துகள் உடலின் எதிர்ப்பைப் பெரிதும் அடக்கின. இன்று நல்ல மருத்துவமனைகளில் உறவினர் வழங்கிய சிறுநீரகங்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை ஓராண்டுக்குப் பின்னும் செவ்வனே இயங்குகின்றன. நமக்கு அண்மையிலுள்ள புதுச்சேரி ஜிப்மரிலும் இச்சிகிச்சை நடைபெறுகிறது. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் தகுதியுடைய குடும்பங்களுக்கு இதற்கு உதவுகிறது.

முழுப் பரிசோதனைக்குப் பின்னரே ஒருவரிடமிருந்து சிறுநீரகம் பெறப்படும். எஞ்சிய ஒன்று சற்றே பெருத்துப் பெரும்பான்மைப் பணியைத் தானே ஏற்கும். ஆயினும் அவர் ஆண்டுதோறும் இரத்த அழுத்தமும் சிறுநீரும் சோதித்துக்கொள்ள வேண்டும். பெற்றவர் வாழ்நாள் முழுதும் மாத்திரையைத் தவறாது உட்கொள்ள வேண்டும்; நலமாயிற்று என்று நிறுத்திவிட்டால் உறுப்பே பழுதாகும். ரமளான் நோன்பை மருத்துவரைக் கேட்டே முடிவு செய்யட்டும். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது.

அன்பர்களே! நம் நாட்டில் உயிருடன் இருந்து உறுப்பு கொடுப்போரில் பெரும்பாலோர் பெண்கள். தாயையும் மனைவியையும் கண்ணீராலும் கட்டாயத்தாலும் பணியவைப்பது சம்மதம் ஆகாது. தம்பியும் மகனும் முன்வரட்டும். கடன் சுமையைக் காட்டி ஆசைவார்த்தை பேசும் தரகர்களிடம் எச்சரிக்கை தேவை. உறுப்பு விற்பனை 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அவ்வாறிருந்தும் 2025-இல் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில் விசைத்தறித் தொழிலாளரின் சிறுநீரகங்கள் விற்கப்பட்ட செய்தி வெளிவந்து நாட்டை உலுக்கியது. கடன்பட்ட சகோதரனை ஜமாஅத் தாங்கினால் தரகனுக்கு இங்கு வேலையிராது.

எல்லாவற்றிற்கும் மேலாக, இருக்கும் சிறுநீரகத்தைக் காப்பதே முதற் கடமை. தமிழக உப்பளத் தொழிலாளர் 352 பேரை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2023-இல் வெளியிட்ட முடிவில், ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பேருக்குச் சிறுநீரகச் செயற்பாடு குறைந்திருந்தது. கடும் வெயில், போதிய நீரின்மை, கழிப்பறை இன்மை ஆகியன அவர்களை வாட்டும் இன்னல்கள். மரக்காணம் உப்பளங்களுக்குச் செல்வோர் வேலைக்கிடையே அடிக்கடி நீர் அருந்துக, நிழலில் இளைப்பாறுக, உடல்வலிக்குத் தாமாகவே மாத்திரை வாங்கி விழுங்காதிருப்பாராக. நிழற்கொட்டகையும், குடிநீரும், பெண்களுக்குக் கழிப்பறையும் கேட்டுப் பெறுவதில் ஜமாஅத் துணை நிற்கட்டும்.

நோயுற்றோருக்கு வல்ல நாயன் ஷிஃபாவை அருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.