அடுப்படிப் புகையை அளந்து பார்ப்போம்



‘எங்க பாட்டி விறகடுப்பில சமைக்கலையா? அவங்களுக்கு என்ன ஆச்சு?’ என்று கேட்காத ஊர் இல்லை. பாட்டி விடியவிடிய இருமியது நமக்கு மறந்துபோச்சு! புகையை நாள்தோறும் சுவாசிக்கும் கர்ப்பிணிக்குக் குழந்தை எடை குறைந்து பிறக்கக்கூடும். கைக்குழந்தைக்கு நிமோனியா வரும் வாய்ப்பும் கூடுகிறது. சொன்னால் நம்பாதவர்கள் அளந்தே பார்க்கலாம்.

பிளஸ் டூ, பாலிடெக்னிக் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் கருவியை அதுவே செய்துவிடும். இஎஸ்பி 32 என்ற மைக்ரோகன்ட்ரோலர் பலகை, பிஎம்எஸ் 5003 என்ற தூசி சென்சார், எண் காட்ட ஒரு சின்னத் திரை, செல்போன் சார்ஜர். இவ்வளவுதான். சென்சாருக்குள் இருக்கும் குட்டி விசிறி காற்றை உள்ளே இழுக்கும். லேசர் ஒளி தூசியில் பட்டுச் சிதறும். அந்தச் சிதறலை வைத்து 2.5 மைக்ரானும் அதற்குக் குறைவுமான நுண்தூசியைக் கணக்கிடும். நுரையீரலின் ஆழம் வரை போவது இந்தத் தூசிதான். சென்சாருக்கு 5 வோல்ட் கொடுத்து, கிரவுண்டை இணைத்து, அதன் டிஎக்ஸ் கம்பியைப் பலகையின் ஆர்எக்ஸில் சேர்க்க வேண்டும். வேகம் 9600. புரோகிராம் எழுதி வைத்ததே இலவசமாகக் கிடைக்கிறது.

கருவியைப் பரண்மேல் வைத்துவிட்டு ‘ஒண்ணுமில்லையே’ என்று சொல்லாதீர்கள். அடுப்பு ஊதுகிறவரின் மூக்கு உயரத்தில், கொஞ்சம் தள்ளி வையுங்கள். கொதிக்கும் உலையின் ஆவி பட்டால் அதையும் தூசி என்றே எண்ணிவிடும். போட்டு அரை நிமிடம் கழித்துப் பாருங்கள். அடுப்பு பற்றவைக்கும் முன் ஒரு தடவை, சமைக்கும்போது ஒரு தடவை, ஜன்னலைத் திறந்து, காய்ந்த விறகு வைத்து இன்னொரு தடவை. குறித்துக்கொள்வது கணவர் பொறுப்பு. சமையல் முடியும்வரை அவரும் அங்கேயே உட்காரட்டும்!

ஒரு கன மீட்டர் காற்றில் 24 மணி நேரச் சராசரி 15 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னது. நம் நாட்டு அளவு, 2009-இல் வகுத்தது, 60. இவை நாள் சராசரி. ஒரு நிமிட எண்ணோடு ஒப்பிட்டுப் பதற வேண்டாம்.

ஒன்றை மறக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு இந்தக் கருவிக்குத் தெரியாது. எண் குறைவாக இருக்கிறதே என்று மூடிய அறையில் கரியடுப்பு வைத்துத் தூங்கினால் உயிருக்கே ஆபத்து.

கேஸ் சிலிண்டர் உள்ள வீட்டிலும் வெந்நீருக்கு விறகு எரிகிறதல்லவா? அந்த அடுப்பு கூரைக்குள்ளே இருந்தால் அங்கேயும் ஒருநாள் அளந்து பாருங்கள். பிறகு அதைக் கொல்லைப்புறத்துக்கு மாற்றலாமா என்று இரண்டு பேரும் கலந்து பேசுங்கள்.