உங்க ஊரு எந்த மாவட்டம்?

(குத்தம்பாக்கத்தில் இளைஞர்கள், மகளிர் குழுவினரிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முன்வரிசையில் இருக்கும் அம்மாக்கள், அக்காக்கள், பின்வரிசையில் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகள் எல்லோருக்கும் வணக்கம். போனைக் கீழே வையுங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. இன்றைக்குப் பேசப் போவதே அந்தப் போனில் நீங்கள் நிரப்பும் ஒரு கட்டத்தைப் பற்றித்தான். அரசு இணையதளத்தில் எந்த விண்ணப்பத்தைத் திறந்தாலும், பெயர், வயதுக்குப் பிறகு அந்தக் கட்டம் வந்துவிடும். மாவட்டம்?

உள்ளே வரும்போது வாசலில் ஒரு தம்பியிடம், "எந்த ஊருப்பா?" என்று கேட்டேன். "சென்னைங்க" என்றார். "சென்னையில எங்க?" என்றேன். "இங்கதாங்க, குத்தம்பாக்கம்" என்றார்.

அவர் சொன்னதில் தப்பு இல்லை. உங்கள் அஞ்சல் குறியீடு 600 என்றுதான் தொடங்குகிறது. தொலைபேசிக் குறியீடு 044. நெடுஞ்சாலை ஓரம் பேருந்து முனையம் கட்டியது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம். வேலைக்கும் படிப்புக்கும் பாதிப் பேர் போவது சென்னைக்குத்தான். அப்புறம் எப்படி சென்னை இல்லை என்று சொல்வது?

ஆனால் சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா என்று வரும்போது உங்கள் முகவரி வேறு. திருவள்ளூர் மாவட்டம், பூந்தமல்லி வட்டம். ஊராட்சி ஒன்றியமும் பூந்தமல்லி. உங்கள் ஆட்சியர் உட்கார்ந்திருப்பது திருவள்ளூரில். காவல் துறை மட்டும் தனிக் கணக்கு. அது 2022-ல் தொடங்கிய ஆவடி காவல் ஆணையரகத்துக்குள் வருகிறது. ஒரே வீட்டுக்கு இத்தனை முகவரி. எதற்கு எது என்று தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நானே ஓர் உதாரணம்.

நான் தவறவிட்ட பத்து நாள்

எனக்குச் சொந்த ஊர் அரக்கோணம். நான் பள்ளியில் படித்தபோது அது வேலூர் மாவட்டம். என் சாதிச் சான்றிலும் வேலூர், ஆதாரிலும் வேலூர். 2019 நவம்பரில் வேலூர் மூன்றாகப் பிரிந்தது. வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர். அரக்கோணம் வட்டம் இராணிப்பேட்டைக்குப் போனது. செய்தியில் பார்த்தேன், சந்தோஷப்பட்டேன், மறந்துவிட்டேன்.

அடுத்த ஆண்டு இதழியல் படிப்புக்குக் கல்வி உதவித்தொகை கேட்டு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. அதற்கு வருமானச் சான்று வேண்டும். போனிலேயே உட்கார்ந்து நிரப்பினேன். மாவட்டம் என்ற இடத்தில் பழக்கத்தில் வேலூரைத் தொட்டேன். கீழே வட்டங்களின் பட்டியல் வந்தது. அதில் அரக்கோணத்தைக் காணோம். அப்போதே நின்று யோசித்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? 'ஏதோ ஒண்ணு, அவங்க பார்த்துப்பாங்க' என்று வேலூர் வட்டத்தைத் தொட்டு அனுப்பிவிட்டேன்.

பத்து நாள் கழித்து, இந்த முகவரி எங்கள் எல்லையில் இல்லை என்று நிராகரித்து குறுஞ்செய்தி வந்தது. மறுபடி சரியாக விண்ணப்பித்துச் சான்று கையில் வருவதற்குள் உதவித்தொகையின் கடைசி நாள் முடிந்துவிட்டது. அந்த வருடக் கட்டணத்துக்கு அப்பா கடன் வாங்கினார். இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. என் ஊர் எந்த மாவட்டம் என்று எனக்கே தெரியவில்லை, அவ்வளவுதான்.

மாவட்டத்தை ஏன் பிரிக்கிறார்கள்?

1956-ல் மொழிவழி மாநிலம் அமைந்தபோது நம் மாநிலத்தில் 13 மாவட்டங்கள். இன்றைக்கு 38. 'பிரிச்சுக்கிட்டே இருக்காங்களே, எதுக்கு?' என்று சிலர் சலித்துக்கொள்வது உண்டு. மயிலாடுதுறைக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். அவர்கள் நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருந்தபோது ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகும் நேர்வழி காரைக்கால் வழியாக. காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது. தமிழ்நாட்டை விட்டு வெளியே போய், மறுபடி தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, தங்கள் மாவட்டத் தலைநகரைச் சேர வேண்டும். நீண்ட காலக் கோரிக்கைக்குப் பிறகு 2020-ல் மயிலாடுதுறை 38-வது மாவட்டம் ஆனது.

நம் பக்கமும் அப்படித்தான். 1997 வரை திருவள்ளூர், காஞ்சிபுரம் எல்லாம் சேர்ந்து ஒரே மாவட்டம். வீட்டில் பழைய சான்றிதழ் இருந்தால் எடுத்துப் பாருங்கள், 'செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம்' என்று இருக்கும். அந்த ஆண்டுதான் அது திருவள்ளூர், காஞ்சிபுரம் என்று இரண்டானது. தலைவர்கள் பெயரில் இருந்த மாவட்டங்கள் எல்லாம் தலைநகரின் பெயருக்கு மாறியதும் அதே 1997-ல்தான். பிறகு 2019-ல் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு தனியானது.

அம்பத்தூர் கதை இன்னும் சுவாரசியம். 2011-ல் அம்பத்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. சொத்து வரி சென்னை மாநகராட்சிக்கு. ஆனால் வருவாய்த் துறைக் கணக்கில் அது திருவள்ளூர் மாவட்டமாகவே இருந்தது. 2018-ல் சென்னை மாவட்ட எல்லையை விரிவாக்கியபோதுதான் அம்பத்தூர், மதுரவாயல், மாதவரம், திருவொற்றியூர் போன்ற வட்டங்கள் சென்னைக்கு வந்தன. அம்பத்தூரைத் தாண்டினால் ஆவடி. அது 2019-ல் தனி மாநகராட்சி ஆனது, ஆனால் இன்றைக்கும் திருவள்ளூர் மாவட்டம்தான். அரக்கோணத்தில் மின்சார ரயில் ஏறி அம்பத்தூரில் இறங்குவதற்குள் நான் மூன்று மாவட்டங்களைப் பார்த்துவிடுவேன்.

கோடு மட்டும் இல்லை, குணமும் இருக்கிறது

மாவட்டம் என்றால் வரைபடத்தில் போட்ட கோடு மட்டும்தானா? அப்படி இல்லை. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் மண், தண்ணீர், தொழில் என்று ஒரு குணம் உண்டு. அந்தக் குணத்தைப் பொறுத்துத்தான் அங்கே இருப்பவர்கள் அரசிடம் கேட்பதும் மாறுகிறது.

தஞ்சாவூரில் ஜூன் மாதம் பிறந்தால் மேட்டூர் அணை 12-ஆம் தேதி திறக்குமா என்பதுதான் பேச்சு. அறுவடை வந்தால் 'கொள்முதல் நிலையம் திறந்தாச்சா?' என்பதுதான் கேள்வி. அங்கே ஒரு விவசாயிக்கு கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கல், நெல்லை விற்க வழி திறக்கும் காகிதம். அந்த மண்ணைக் காக்கத்தான் 2020-ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது.

தருமபுரிக்குப் போனால் தண்ணீரே பிரச்சினை. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பிள்ளைகளின் பல்லில் கறை, பெரியவர்களுக்கு எலும்பு வலி. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவந்ததே அதற்காகத்தான். அங்கே ஒரு வீட்டுக் குழாயில் வரும் காவிரித் தண்ணீர், மருந்து மாதிரி.

திருப்பூர் 2009-ல் தனி மாவட்டம் ஆனது. பனியன் ஊர். பல மாவட்டங்களிலிருந்தும், ஒடிசா, பீகார் போன்ற மாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள் அங்கே வேலை செய்கிறார்கள். ஊர் விட்டு வந்தவருக்கு ரேஷன் எங்கே வாங்குவது என்பதுதான் முதல் கவலை. தமிழ்நாடு 2020-ல் சேர்ந்த 'ஒரே நாடு ஒரே குடும்ப அட்டை' திட்டம் அவர்களுக்கானது.

நீலகிரிக்கு மலையும் காடும்தான் சொத்து. அதைத் தாங்கும் அளவுக்கு மேல் வண்டி போகக் கூடாது என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதால் 2024 மே மாதத்திலிருந்து ஊட்டி போகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது.

கன்னியாகுமரி 1956-ல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதற்கு முன் திருவிதாங்கூர் ஆட்சி. அதனால் அங்கே தாத்தா காலத்து நிலப் பத்திரம் மலையாளத்தில் இருக்கும். அதைப் படித்துச் சொல்ல ஆள் தேட வேண்டும்.

ஆக, நாம் எல்லோரும் ஒரே அரசிடம்தான் போகிறோம். ஆனால் ஒவ்வொரு மாவட்டத்திலிருந்தும் கொண்டுபோகும் கேள்வி வேறு.

நம்ம திருவள்ளூர்

சரி, நம்ம மாவட்டத்தின் குணம் என்ன? 'சென்னைக்குப் பக்கத்து மாவட்டம்' என்று ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள்.

பூண்டிக்குப் பக்கத்தில் அத்திரம்பாக்கம் என்று ஓர் ஊர். 1863-ல் இராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற ஆய்வாளர் அங்கே கற்கருவிகளைக் கண்டெடுத்தார். அங்கே கிடைத்தவற்றில் மிகப் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டு பழமையானவை என்று பின்னர் நடந்த ஆய்வுகள் சொல்கின்றன. உலகமே பாடப் புத்தகத்தில் படிக்கும் இடம் நம் மாவட்டத்தில் இருக்கிறது.

சென்னை குடிக்கும் தண்ணீரைத் தேக்கிவைப்பதும் நாம்தான். பூண்டி, சோழவரம், 2020-ல் திறந்த கண்ணன்கோட்டை – தேர்வாய்கண்டிகை எல்லாம் திருவள்ளூர் மாவட்டம். பக்கத்தில் செம்பரம்பாக்கம். நகரம் வளர வளர ஏரியும் வயலும் மனையாகும் அழுத்தமும் நமக்குத்தான் முதலில் வருகிறது. அதனால்தான் இந்த மாவட்டத்தில் பட்டா, நீர்நிலைப் புறம்போக்கு, எல்லைக்கல் என்ற வார்த்தைகளை மற்றவர்களைவிட நாம் கூடுதலாகத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். மனை வாங்கும் முன் ஒரு நிமிடம் போனில் அந்தப் புல எண்ணைப் போட்டுப் பாருங்கள். அது ஏரி என்று பதிவாகியிருந்தால், விற்பவர் எத்தனை இனிப்பாகப் பேசினாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

வடக்கே பழவேற்காட்டில் மீனவர்கள், மேற்கே 1960-ல் ஆந்திரத்திலிருந்து நம்மோடு சேர்ந்த திருத்தணியில் தெலுங்கு பேசும் குடும்பங்கள், ஆவடியில் பீரங்கி வண்டி செய்யும் தொழிற்சாலை, மாவட்டம் முழுக்க இருளர் குடும்பங்கள். இருளர் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி. பழங்குடியினர் சான்று தருபவர் வட்டாட்சியர் அல்ல, வருவாய்க் கோட்டாட்சியர். இது தெரியாமல் அலையும் குடும்பம் உங்கள் பக்கத்து வீட்டில் இருந்தால் சொல்லிவிடுங்கள்.

குத்தம்பாக்கத்துக்கே ஒரு குணம் இருக்கிறது. 1996 முதல் 2006 வரை இங்கே ஊராட்சித் தலைவராக இருந்த ரங்கசாமி இளங்கோ ஒரு பொறியாளர். தலித் குடும்பமும் தலித் அல்லாத குடும்பமும் ஒரு சுவரைப் பகிர்ந்து வாழும் இரட்டை வீடுகள் இங்கே எழுந்தது அவர் காலத்தில். ஊராட்சி பற்றிப் படிக்கிறவர்கள் இன்றைக்கும் இந்த ஊர் பெயரைச் சொல்கிறார்கள். அப்படிப்பட்ட ஊர்க்காரர் 'நான் சென்னைங்க' என்று சுருக்கிக்கொண்டால் எனக்கு வருத்தமாக இருக்காதா?

இன்றைக்கே செய்ய வேண்டியது

இப்போது அந்தப் போனை எடுங்கள். குறிப்புப் பக்கத்தைத் திறந்து நான்கு வரி எழுதுங்கள். மாவட்டம், வட்டம், ஊராட்சி ஒன்றியம், வருவாய்க் கிராமம். தெரியாவிட்டால் வீட்டுப் பட்டாவில் இருக்கும், அல்லது கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். அதை வீட்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவையுங்கள்.

இ-சேவையில் பதிவு செய்யும்போது உங்களுக்கு ஒரு குடிமக்கள் கணக்கு எண் கிடைக்கும். அதில் பதியும் முகவரியை வைத்துத்தான் விண்ணப்பம் எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று முடிவாகிறது. அங்கே வட்டம் தப்பானால் எல்லாம் தப்பு. இடம் மாறி வந்தவர்கள் முதலில் அதைத் திருத்திவிட்டு அப்புறம் விண்ணப்பியுங்கள். பட்டியலில் உங்கள் வட்டம் இல்லையென்றால் பக்கத்தில் இருப்பதைத் தொடாதீர்கள். மாவட்டம் தப்பு என்று அர்த்தம்.

இன்னொரு பயமும் பலருக்கு இருக்கிறது. 'சான்றிதழில் பழைய மாவட்டப் பேரு இருக்கே, செல்லுமா?' மாவட்டம் பிரிந்துவிட்டது என்பதற்காக மட்டும் பழைய சாதிச் சான்று செல்லாமல் போகாது. புதிதாக விண்ணப்பிக்கும்போது மட்டும் இன்றைய மாவட்டத்தைத் தேர்வு செய்யுங்கள். நில வில்லங்கச் சான்று எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பத்திரப் பதிவுக்குச் சார்பதிவாளர் எல்லை தனி, வருவாய் வட்டத்தின் எல்லை தனி. இரண்டையும் ஒன்று என்று நினைத்துக் குழம்ப வேண்டாம்.

சிக்கிக்கொண்டால் 1100-க்கு அழையுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் நாள் உண்டு. அதுவும் தூரம் என்றால், ஆண்டுக்கு ஒருமுறை வட்ட அலுவலகத்திலேயே ஜமாபந்தி நடக்கும். குடியரசு தினம், உலகத் தண்ணீர் தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் உங்கள் ஊரிலேயே கிராம சபை.

கடைசியாக ஒன்று. கல்லூரியில் சேரப் போகும் தம்பி தங்கைகள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். வருமானச் சான்று ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். கடைசி வாரம் வரை காத்திருக்காமல் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். மாவட்டம் என்ற கட்டம் வரும்போது விரல் பழக்கத்தில் சென்னைக்குப் போகும். ஒரு நொடி நிறுத்துங்கள். திருவள்ளூர். பூந்தமல்லி. குத்தம்பாக்கம். என் அப்பா வாங்கிய கடனை உங்கள் அப்பா வாங்க வேண்டியிருக்காது.