எல்லை என்னும் விரதம்
(க்ஷமாவணி நாளன்று மகளிர் அமர்வில் ஆற்றிய உரை)



மணமுறிவு பற்றி இத்தகைய அவையில் பேசுவது நமக்கு வழக்கமன்று. ஆயினும் அது நம் குடும்பங்களிலும் நிகழ்கிறது. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் சமணராகிய நமக்கும் பொருந்தும். அதன்படியே நானும் என் கணவரும் மனமொத்துப் பிரிந்தோம். கணவன் மனைவி என்னும் உறவு அன்றோடு முடிந்தது; தாய் தந்தை என்னும் உறவு முடியவில்லை. எங்கள் மகள் வாரநாட்களில் என்னிடமும், சனி ஞாயிறுகளில் தந்தையிடமும் இருக்கிறாள். இரண்டாண்டுகளுக்குப் பின் அவர் மறுமணம் செய்துகொண்டார்.

வந்த அம்மையார் நம் சமயத்தவர் அல்லர். அவ்வீட்டில் இரவு எட்டு மணிக்கு மேல்தான் உணவு. நான் அவரையே தொலைபேசியில் அழைத்து, குழந்தைக்கு இன்னது தரலாம், இன்னது தரலாகாது என்று கட்டளையிட்டேன். ‘என் பிள்ளை’ என்று அன்று எத்தனை முறை சொன்னேனோ!

அடுத்த ஞாயிறு மாலை வீடு திரும்பிய மகளிடம், “நேற்று இரவு என்ன உண்டாய்?” என்று வினவினேன். “பொழுது சாயுமுன்பே சாப்பிட்டுவிட்டேன், அம்மா” என்றாள். சற்று நேரத்தில் அவளே அழுதுகொண்டு உண்மையைச் சொன்னாள். அங்கே பசித்தது, உண்டாள். இங்கே என் முகத்திற்கு அஞ்சினாள், பொய் சொன்னாள். இரவு உண்ணாமையைக் காக்கப் புறப்பட்ட நான், பொய்யாமையை அவளிடமிருந்து பறித்துவிட்டேன்.

இல்லறத்தார்க்கு வகுக்கப்பட்ட குணவிரதங்களுள் முதலாவது திக்விரதம். இத்திசையில் இவ்வளவு தொலைவுக்கு மேல் செல்லேன் என்று ஒருவர் தமக்குத் தாமே எல்லை வகுத்துக்கொள்வது அது. பிறர் எங்கே செல்லலாகாது என்று விதிப்பதன்று. சிறு வயதில் மனப்பாடம் செய்த இதன் பொருள் அன்றுதான் எனக்கு விளங்கிற்று.

எனக்கு நானே சில எல்லைகளை வகுத்துக்கொண்டேன். மகளைப் பற்றிய எதனையும் அவள் தந்தையிடமே பேசுவேன். அவ்வம்மையாரை ஏவ மாட்டேன். மகளைத் தூது அனுப்பேன். அவ்வீட்டில் நடந்தவற்றைத் துருவிக் கேளேன்.

பிறகு, என் வேண்டுகோள்களைத் தந்தைக்கு எழுத்தில் அனுப்பினேன். பள்ளி, மருத்துவம் பற்றிய முடிவுகளைப் பெற்றோர் இருவருமே எடுக்க வேண்டும். கண்டிக்க வேண்டுமாயின் தந்தையே கண்டிக்க வேண்டும்; எவரும் அடிக்கலாகாது. உடல்நலம் குன்றினால் அன்றே தெரிவிக்க வேண்டும். ஊனும் முட்டையும் கூடா. அனைத்திற்கும் இசைந்தவர், இரவு உணவுக்கு மட்டும் ‘இயன்றவரை’ என்றார். ஏற்றுக்கொண்டேன்.

அவ்வம்மையாரை எம்முறை சொல்லி அழைப்பது என்பதும் எழுந்தது. ‘சித்தி’ என்பதை மகளே தேர்ந்துகொண்டாள். அச்சொல் எனக்குரியதைக் குறைக்கவில்லை, அவருக்குரியதை மறுக்கவுமில்லை.

பொறுமை என்பது எல்லாவற்றிற்கும் இணங்குவதன்று. குழந்தையின் உடலுக்கோ மனத்திற்கோ ஊறு நேர்ந்தால் வாய்மூடியிருத்தல் அகிம்சையாகாது. அப்போது குடும்ப நீதிமன்றத்தை நாடத்தான் வேண்டும். 1956ஆம் ஆண்டின் இளவர் காப்பாளர் சட்டமும் குழந்தையின் நலனையே தலையாயதாகக் கொள்கிறது.

பாட்டனார் பாட்டியர்க்கும் ஒரு விண்ணப்பம்: “அந்தப் பெண் உன்னை எப்படி நடத்துகிறாள்?” என்று பேரக்குழந்தையிடம் ஆவலோடு கேளாதீர்கள். அவ்வினாவுக்கு எவ்விடை சொன்னாலும் ஒரு வீட்டுக்குத் துரோகம் செய்ததாகவே அப்பிஞ்சு மனம் வருந்தும்.

தசலட்சணங்களுள் முதலாவது உத்தம க்ஷமை. ஒன்பதாவது ஆகிஞ்சன்யம், ‘எனது’ என்பது இன்மை. பெற்ற குழந்தையும் நம் உடைமையன்று. சென்ற ஆண்டு இதே நாளில், அன்று தொலைபேசியில் சுடுசொல் கூறியதற்காக அவ்வம்மையாரிடம் பொறுத்தருள வேண்டினேன். மறுவாரம் திரும்பிய மகள், “சித்தி எனக்கு மட்டும் ஐந்தரை மணிக்கே தோசை வார்த்துத் தந்தார்கள்” என்றாள். நான் கேட்கவில்லை, அவளே சொன்னாள்.

என் சொல்லாலோ செயலாலோ எவர் மனமேனும் புண்பட்டிருப்பின் பொறுத்தருள்க. உத்தம க்ஷமா!