மிடல்ஹார்னிஸ் சாலை

ஓர் ஓவியத்தை உங்களுக்குச் சொல்லப்போகிறேன். முடிந்தால் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்.

ஒரு மண்சாலை. நம் காலடியிலிருந்து கிளம்பி நேரே ஊரைப் பார்த்துப் போகிறது. வண்டிச் சக்கரம் அழுந்திய தடங்கள் தெரிகின்றன. இருபுறமும் வாய்க்கால். சாலையோரம் வரிசையாக மரங்கள், நெடுநெடுவென்று, ஒவ்வொன்றும் ஒருபக்கம் லேசாகச் சாய்ந்து. கீழ்க்கிளைகளையெல்லாம் கழித்துவிட்டதால் உச்சியில் மட்டும் ஒரு கொத்து இலை. வலப்பக்கத் தோட்டத்தில் ஒருவர் குனிந்து செடிகளுக்குக் கவாத்து செய்துகொண்டிருக்கிறார். துப்பாக்கியைத் தோளில் சாய்த்து, நாயுடன் ஒருவர் சாலையில் நம்மை நோக்கி நடந்து வருகிறார். இடப்பக்கம் தூரத்தில் தேவாலயக் கோபுரம். மிச்சமெல்லாம் வானம்.

இதுதான் 'மிடல்ஹார்னிஸ் சாலை'. ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் அகலம். லண்டன் நேஷனல் கேலரி 1871இல் வாங்கியது. வரைந்தவர் நெதர்லாந்தின் மெயின்டெர்ட் ஹோபெமா.

1638இல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்தவர். 1653இல் தம்பி தங்கையோடு அநாதை இல்லத்தில் சேர்க்கப்பட்டார். அங்கிருந்து வெளியே வந்த பையனுக்கு வாய்த்த குரு, அந்நாட்டு இயற்கைக் காட்சி ஓவியர்களிலேயே பெரியவரான யாக்கோப் வான் ரைஸ்டால். "இவன் என்னிடம் சில ஆண்டுகள் இருந்து தொழில் கற்றவன்" என்று 1660இல் ரைஸ்டால் அதிகாரிகள் முன் சாட்சி சொன்ன பதிவு இருக்கிறது. குரு புயலையும் அருவியையும் இடிந்த கோட்டைகளையும் வரைந்தார். சீடருக்குப் பிடித்தவை நீராலைகள்: மரநிழல், ஓட்டுக்கூரை, சக்கரத்தில் விழுந்து சிதறும் தண்ணீர். அதையே திரும்பத் திரும்ப வரைந்தார். அலுக்கவில்லையா என்று கேட்கத் தோன்றும். அந்தப் படங்களின் இலைகளில் வெயில் விழும் விதத்தைப் பார்த்தால் அலுக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

1668இல் கல்யாணம். மணப்பெண் எல்டியே விங்க், நகரத் தலைவர் ஒருவர் வீட்டுச் சமையற்கட்டில் வேலை பார்த்தவர். அதை ஒட்டியே ஹோபெமாவுக்கு நகராட்சியில் உத்தியோகமும் கிடைத்தது. கப்பலில் வந்திறங்கும் ஒயின் பீப்பாய்கள் ஊருக்கு ஊர் ஒவ்வோர் அளவில் இருக்கும். அவற்றை அளந்து, ஆம்ஸ்டர்டாம் கணக்குக்கு மாற்றி, வரி போடத் தோதாகக் குறித்துத் தரவேண்டும். சாகும்வரை அந்த வேலையில் இருந்தார்.

உத்தியோகம் கிடைத்ததோடு தூரிகையைக் கீழே வைத்துவிட்டார் என்றுதான் வெகுகாலம் எழுதிவந்தார்கள். 'மிடல்ஹார்னிஸ் சாலை'யில் அவர் குறித்த ஆண்டில் ஓர் இலக்கம் தெளிவாக இல்லை. அதை 1669 என்று படித்துக்கொண்டார்கள். இருபது வருடம் பீப்பாய் அளந்த கை இப்படி ஒரு படத்தை வரைந்திருக்கும் என்று நம்ப மனம் வரவில்லை போலும். ஆனால் அந்த மரங்களை நட்டதே 1664இல். ஐந்து வருடத்தில் அவ்வளவு உயரம் எப்படி வளரும்? ஆண்டு 1689தான் என்பது பிறகு உறுதியானது. அப்போது அவருக்கு ஐம்பது வயது. உத்தியோகத்துக்குப் பின் அவர் வரைந்தவை கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தில் இது ஒன்று. நீராலை இல்லை, அடர்ந்த காடு இல்லை. இளமையில் கைவந்ததை எல்லாம் ஒதுக்கிவிட்டு, ஒரு நேர்சாலையையும் வெட்ட வெளியையும் நம்பி இறங்கியிருக்கிறார். எனக்கு இது பெரிய துணிச்சலாகப் படுகிறது.

முன்பு ரெம்பிராண்ட் வாழ்ந்த ரோசன்கிராக்ட் தெருவில்தான் இவரும் குடியிருந்தார். 1704இல் மனைவி போனார். 1709 டிசம்பரில் இவரும் போனார். ஏழைகளுக்கான இடத்தில் புதைத்தார்கள். நூறு ஆண்டுக்குப் பிறகு இங்கிலாந்தில் பணக்காரர்கள் அவருடைய படங்களுக்குப் போட்டி போட்டார்கள். நார்விச் நகரத்து ஓவியர் ஜான் குரோம் 1821இல் இறக்கும் தறுவாயில் ஹோபெமாவின் பெயரைத்தான் சொன்னார் என்பார்கள்.

இந்தப் படம் எங்காவது உங்கள் கண்ணில் பட்டால், முன்பக்கத்தின் இரு ஓரங்களையும் பாருங்கள். முதலில் அங்கே சாலைக்கு இந்தப்பக்கம் ஒன்று, அந்தப்பக்கம் ஒன்று என இன்னும் இரண்டு மரங்களை வரைந்திருந்தார். எக்ஸ்ரே எடுத்தபோது அவை தெரிந்தன. வரைந்து பார்த்துவிட்டு, வேண்டாம் என்று மேலே வண்ணம் பூசி மறைத்துவிட்டார். இப்போது அந்த இடத்தில் வானம்தான் இருக்கிறது.