பெயர் எழுதாத படங்கள்



இலக்கியத் தொடரில் புகைப்படத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று சிலர் எண்ணக்கூடும். தமிழ் படிப்பிக்கிறவனுக்குப் படத்தோடு என்ன வேலை? அந்த வேலை எனக்கு வகுப்பறையில்தான் வந்து சேர்ந்தது.

சென்ற தவணையில் உயர்தர வகுப்புக்கு நடுகல்லைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். கல்லைத் தேடிக் காண்பது முதல் வாழ்த்துவது வரை ஆறு நிலைகளைத் தொல்காப்பியர் வகுத்திருக்கிறார். சிலப்பதிகாரத்து வஞ்சிக் காண்டத்தில் கண்ணகிக்குக் கல் எடுக்கும்போதும் அந்த ஒழுங்கையே காண்கிறோம். கல்லிலே வீரனின் பெயரையும் அவன் செய்த சிறப்பையும் பொறித்தார்கள் என்பதற்குச் சங்கப் பாடல்களில் சான்று உண்டு. பாடம் முடிந்ததும் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். வீட்டிலுள்ள மிகப் பழைய படம் ஒன்றைக் கொண்டு வாருங்கள், அதில் இருப்பவர்கள் யார் என்று கேட்டு ஒரு பக்கம் எழுதுங்கள் என்றேன்.

கொட்டாஞ்சேனைப் பையன் ஒருவன் ஆடிவேல் படம் கொண்டு வந்தான். காலி வீதியிலே இரதம், அதைச் சுற்றி நூறு முகங்கள். முன் வரிசையில் வேட்டியை மடித்துக் கட்டியபடி ஒருவர் காளையின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்திருக்கிறார். “இவர் யார்?” என்று கேட்டேன். “அப்பப்பாவின் கூட்டாளி ஒருவர், சேர். பெயர் அப்பாவுக்குத் தெரியாதாம்” என்றான். இன்னொரு பிள்ளை அந்தியேட்டி நாளில் கொடுத்த நினைவு மலரைக் கொண்டு வந்தாள். நம்மவர் ‘கல்வெட்டு’ என்று சொல்லும் அந்தப் புத்தகந்தான். நல்லது, அதில் பெயர் இருந்தது, பிறந்த தேதியும் இருந்தது. நூல்களோடு இத்தகைய மலர்களையும் 2005 இல் தொடங்கிய நூலகம் இணையத் தொகுப்பு சேர்த்து வருகிறது. ஆனால் இறந்தவருக்கு மட்டுமே கல்வெட்டு. அவருடன் பெட்டியருகே நின்று படம் எடுத்தவர்கள், சாமத்திய வீட்டுப் படத்தில் ஓரமாக நிற்பவர்கள், இவர்களுக்கெல்லாம் எழுதுவார் யார்?

இருபத்தேழு படங்கள் வந்தன. பின்புறத்தில் பெயர் எழுதியிருந்தவை நான்கு.

பிள்ளைகளைக் குறை சொல்லி என்ன? அன்று மாலை வீட்டுக்குப் போய் என்னிடமிருந்த படத்தைத் திருப்பிப் பார்த்தேன். அதன் முதுகும் வெறுமையாகவே இருந்தது.

அந்தப் படத்தின் கதையைச் சொல்ல வேண்டும். 1982 இல், என் இரண்டாவது பிறந்தநாளில், வெள்ளவத்தையில் நாங்கள் குடியிருந்த வீட்டின் முன்கூடத்தில் எடுத்தது. அடுத்த ஆண்டு ஆடிக் கலவரத்தில் அந்த வீடு எரிந்தது. நான்கு அல்பங்களும் அதோடு போயின. பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் எங்களை மூன்று இரவு மறைத்து வைத்திருந்தது. பிறகு அகதி முகாம், அங்கிருந்து ‘லங்கா கல்யாணி’க் கப்பலில் காங்கேசன்துறை. இதெல்லாம் அம்மா சொல்லக் கேட்டவை, எனக்கு எதுவும் நினைவில்லை. அந்த வீட்டை நான் அறிவது இந்த ஒரு படத்தால் மட்டுமே.

எரிந்த வீட்டுப் படம் எப்படித் தப்பியது? அது வீட்டில் இருக்கவில்லை. அம்மா ஒரு பிரதியைக் கடிதத்தோடு வைத்து யாழ்ப்பாணத்திலிருந்த பெரியம்மாவுக்கு அனுப்பியிருந்தார். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமமே எழும்பி நடந்தபோது, காணி உறுதியோடும் பிறப்புச் சான்றிதழ்களோடும் ஒரு துணிப்பையில் பெரியம்மா அதைக் கொண்டு போனார். நாங்கள் வைத்திருந்தவை எல்லாம் போயின. கொடுத்தது மட்டும் மிஞ்சியது.

படத்திலே என்ன இருக்கிறது? நடுவில் கேக். அதைப் பார்க்கச் சொல்லித்தான் படமே எடுத்தார்கள். நான் பார்ப்பது மற்றவற்றை. தாத்தாவின் சாய்மனைக் கதிரை, அதன் கையில் மடித்து வைத்த பேப்பர். துணி மூடிய வானொலிப் பெட்டி. சுவரிலே ஒரு கலண்டர். யன்னலுக்கு வெளியே கொடியில் காயும் பள்ளிச் சட்டை. அக்காலத்து நடுத்தரக் குடும்பம் எப்படி வாழ்ந்தது என்று எழுதப் புகும் எந்த ஆசிரியனும் இந்தக் கலண்டரையும் கொடித்துணியையும் சொல்ல மறந்துவிடுவான். கமராவுக்கு எதை விடுவது என்று தெரியாது. அதுவே அதன் பெருமை. வெள்ளவத்தை நெசவாலை இருந்த நிலத்தில் இன்று ஹவ்லொக் சிட்டி மாடிகள் நிற்கின்றன. அந்தத் தெருக்களில் வாழ்ந்த சனங்களின் அன்றாடத்தை அறிய இப்படிப்பட்ட படங்களைத்தான் நாம் தேட வேண்டியிருக்கும்.

படத்தின் வலது ஓரத்தில், பாதிக் கதவு மறைக்க, ஒரு பெண்பிள்ளை நிற்கிறாள். பதின்மூன்று பதினான்கு வயதிருக்கும். கையில் பீங்கான் தட்டு. அவள் மட்டும் கேக்கைப் பார்க்கவில்லை, கமராவைப் பார்க்கிறாள்.

கொட்டாஞ்சேனையில் மகளோடு இருக்கும் பெரியம்மாவிடம் படத்தைக் கொண்டுபோனேன். வயது எண்பத்து நான்கு. ஒவ்வொருவராகச் சொன்னார், நான் எழுதினேன். ஓரத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டார். “தம்பி, அது கொம்மாவுக்கு உதவிக்கு நிண்ட பிள்ளை. தலவாக்கலைப் பக்கம். பேர்... பிள்ளை எண்டுதான் எல்லாரும் கூப்பிடுறது. கலவரத்துக்கு முந்தியே தகப்பன் வந்து கூட்டிக்கொண்டு போனவராம்.”

எனக்குச் சுருக்கென்றது. 1875 இல் இலங்கைக்கு வந்த ஜூலியா மார்கரட் கமரன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி, 1879 இல் இங்கேயே இறக்கும்வரை நம் நாட்டு எளிய சனங்களைப் படம் எடுத்தார். களுத்துறைக் குடியானவர்கள் என்று ஒரு படம் உண்டு. அதிலுள்ள சிறுமிக்குப் பன்னிரண்டு வயது என்றும், முதியவர் தமக்கு நூறு வயதென்று சொன்னதாகவும் குறிப்பு இருக்கிறது. பெயர்கள் இல்லை. பெயர் கேட்கத் தோன்றாத வெள்ளைக்காரர் என்று வகுப்பிலே நான் குத்திக் காட்டியிருக்கிறேன். எங்கள் வீட்டுப் பிள்ளை எங்களோடு இரண்டு வருடம் இருந்தாள். என்னைத் தூக்கி வளர்த்தவளும் அவளாகத்தான் இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோக்களின் படங்களைத் தேடி எண்முறைப் பிரதி எடுக்கும் பணியைப் பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, 2010களில் செய்தது. நம் வீடுகளுக்கு அப்படி யாரும் வரும்வரை காத்திருக்க இயலாது. நம் கடற்காற்றின் ஈரமும் இராமபாணப் பூச்சியும் காத்திருக்க மாட்டா. கறுப்பு வெள்ளைப் படத்தில் இருப்பது வெள்ளி, கொஞ்சக் காலம் தாங்கும். எழுபதுகள், எண்பதுகளின் வர்ணப் படங்களில் இருப்பது சாயம். அவை சிவந்து மங்குவதைப் பார்த்திருப்பீர்கள். பசைத் தாள் அல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தை இழுத்துப் பிய்க்காமல், அல்பத்தோடே கைத்தொலைபேசியில் பிரதி எடுங்கள். பின்புறத்தில் பேனையால் எழுதினால் மை ஊறி முகத்துக்கு வரும். மென்மையான பென்சிலால், ஓரமாக, அழுத்தாமல் எழுதுங்கள். பிரதி எடுத்ததை ஒரே வீட்டில் வைத்திருக்காமல் நாலு பேருக்கு அனுப்பிவிடுங்கள்.

என் படத்தின் பின்னால் இப்போது ஏழு பெயர்கள் இருக்கின்றன. எட்டாவதை அறிய ஒரு வழியைப் பெரியம்மாதான் சொன்னார். பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா அந்தப் பிள்ளையைத் தன் பின்வாசலில் இருத்தித் தலை வாரிவிடுவாராம். அவர் நிச்சயம் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டிருப்பார் என்கிறார். அந்த அம்மா இப்போது தெஹிவளையில் இருக்கிறார், கண் பார்வை குறைவாம். படத்தைப் பெரிதாக்கி ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு போகிறேன். அந்தப் பிரதி அவருக்குத்தான்.