காய்ச்சல் விட்டது, வலி விடவில்லை

(லயத்துத் தாய்மார் கூட்டத்தில் நாங்கள் ஆற்றிய உரை)



சிக்குன்குன்யா நம் நாட்டில் 2006-2007 காலத்திலும், மறுபடியும் 2024-2025இலும் பரவியது. காய்ச்சல் ஒரு வாரத்தில் விட்டுவிடும். மூட்டுவலியோ சிலருக்கு மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில்கூட நிற்கும். லயங்களுக்குப் போகும்போது நாங்கள் கேட்பது இதுதான்: "காலையில எந்திரிச்சா வெரல மடக்க முடியல. கொழுந்து கிள்ள முடியல. வேலைக்கள்ளின்னு சொல்றாங்க."

இது வேலைக்கள்ளம் அல்ல, நோயின் மிச்சம். வயது கூடியவர்கள், பெண்கள், முன்பே மூட்டு வருத்தம் உள்ளவர்கள், காய்ச்சல் நேரத்தில் கடும் வலி கண்டவர்கள் ஆகியோருக்கு அது நீடிக்க இடமுண்டு.

என்ன செய்வது? விரல்களை மெதுமெதுவாக மடக்கி நீட்டிப் பழகுங்கள். எடுத்த எடுப்பிலேயே பாரம் சுமக்க வேண்டாம். கடையில் கண்ட வலி மாத்திரையை வாங்கி விழுங்காதீர்கள். காய்ச்சல் நேரத்தில் அது டெங்குவாகவும் இருக்கலாம். அப்போது சில வலி மாத்திரைகள் இரத்தப்போக்கை உண்டாக்கும். மூன்று மாதம் கடந்தும் வீக்கம் வற்றாவிட்டால் அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்கில் காட்டுங்கள்.

வீட்டு ஆண்களுக்கும் ஒரு வார்த்தை: தண்ணீர்க் குடத்தை நீங்கள் தூக்குங்கள். வலிக்குதுன்னு அவங்க சொன்னா நம்புங்கள்.