நூலகத்தைத் திறந்து வைத்திருக்க ஒருவர் வேண்டும்

(சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில், கல்லூரி மண்டபத்தில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கனடாவில், ரொறன்ரோ பொது நூலகத்தின் கிளையொன்றில் சிறுவர், இளையோர் சேவை நூலகராக இருபது வருடங்களுக்கு மேல் வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். என்ன வேலை என்று கேட்பவர்களிடம் சொன்னால், "ஓ, புத்தகம் எடுத்துக் கொடுக்கிற வேலையோ?" என்பார்கள். அந்த வேலை உண்மையில் என்ன என்பதையும், அதிலிருந்து எமது கல்லூரி நூலகத்துக்கு எதை எடுத்துக்கொள்ளலாம் என்பதையும் பேசும்படி செயற்குழு கேட்டுக்கொண்டது.

நூற்றாண்டு நினைவாகக் கல்லூரி நூலகத்தைப் புதுப்பிக்க நிதி திரட்டுகிறோம். புதிய தளபாடம், கண்ணாடி அலுமாரி, கணினிகள் எல்லாம் திட்டத்தில் உள்ளன. மிகவும் நல்லது. ஆனால் ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். பிற்பகல் 1.30க்குப் பாடசாலை மணி அடித்த பிறகு அந்த அறையைத் திறந்து வைத்திருக்கப் போவது யார்? பல பாடசாலைகளில் நூலகம் என்பது ஏற்கெனவே வகுப்புகள் நிறைந்த ஓர் ஆசிரியையின் மேலதிகப் பொறுப்பு. அவர் வகுப்புக்குப் போனால் நூலகம் பூட்டு. பூட்டிய அறையில் எத்தனை கணினி இருந்தும் என்ன பயன்?

இளையோர் நூலக சேவையின் வரலாற்றைப் பார்த்தால், ஒவ்வொரு திருப்பத்திலும் முதலில் வந்தது ஓர் ஆள். புத்தகமும் கட்டடமும் பின்னால் வந்தன.

ரொறன்ரோவையே எடுத்துக்கொள்வோம். 1912 இல் லிலியன் ஸ்மித் என்ற பெண்மணி அங்கே சிறுவர் நூலகராகச் சேர்ந்தார். அன்றைய பிரித்தானியப் பேரரசில் சிறுவர் நூலக சேவைக்கெனப் பயிற்சி பெற்ற முதல் நூலகர் அவர் என்று சொல்வார்கள். சிறுவர்களுக்கென்றே தனி நூலகக் கட்டடம் 1922 இல்தான் திறக்கப்பட்டது. இடைப்பட்ட பத்து வருடங்களும் அவர் கதை சொல்லி, நூல்களைத் தெரிந்தெடுத்து, வாசகர்களை உருவாக்கிக்கொண்டிருந்தார். பிள்ளைகளுக்கு எதையாவது கொடுத்தால் போதும் என்ற எண்ணத்தை அவர் ஏற்கவில்லை. மிகச் சிறந்ததே அவர்களுக்குச் சேர வேண்டும் என்பது அவர் கொள்கை.

அமெரிக்காவின் பால்ரிமோர் நகரில் மார்கிரட் எட்வேர்ட்ஸ் 1930களில் இன்னொரு வாசலைத் திறந்தார். சிறுவர் பகுதிக்கு வயது கூடிப்போய், பெரியவர் பகுதியில் ஒட்டாமல் நிற்கும் பதின்ம வயதினருக்கு நூலகத்தில் இடமே இல்லை என்பதை அவர் கண்டார். பாடசாலைகளுக்குப் போய் வகுப்பின் முன் நின்று புத்தகங்களைப் பற்றிப் பேசினார். தம்மிடம் பயிற்சிக்கு வந்த உதவியாளர்களை நூற்றுக்கணக்கான நூல்களை வாசித்துவிட்டு வந்து தம்மோடு கலந்துரையாட வைத்தார். வாசிக்காத நூலகர் எந்தப் பிள்ளைக்கு எதைக் கொடுப்பார்? 1940களில் ஒரு குதிரை வண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு, நூலகப் பக்கமே வராத ஏழைக் குடியிருப்புகளுக்குள் போனார்.

மூன்றாமவர் பூரா பெல்பிரே. புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து நியூயோர்க்குக்கு வந்து, 1921 இல் அங்குள்ள பொது நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். ஸ்பானிய மொழி பேசும் மக்கள் அயலில் பெருகிவந்த காலம் அது. ஆனால் நூலகம் ஆங்கிலம் பேசுபவர்களுக்கு உரிய இடம் என்று எண்ணி அவர்கள் வாசலோடு நின்றுவிட்டார்கள். பெல்பிரே ஸ்பானிய மொழியில் கதை நேரம் நடத்தினார். பொம்மலாட்டம் காட்டினார். தம் பாட்டியிடம் கேட்ட கதைகள் இறாக்கையில் இல்லாததைக் கண்டு அவற்றைத் தாமே எழுதி வெளியிட்டார்.

புலம்பெயர்ந்து வாழும் எங்களுக்கு இந்தக் கதை அந்நியமானதல்ல. நான் வேலை செய்த ஸ்காபரோவில், பேரப்பிள்ளையைக் கைபிடித்துக் கூட்டிவந்து, மேலங்கியையும் கழற்றாமல் மூலையில் இருந்துவிட்டுப் போகும் அம்மம்மாமார் பலர். ஒருநாள் ஒருவரிடம் போய், "அம்மா, உங்களுக்குத் தெரிந்த கதை ஒன்றைப் பிள்ளைகளுக்குத் தமிழில் சொல்லுவீர்களா?" என்று கேட்டேன். முதலில் கூச்சப்பட்டார். பிறகு நரியும் காகமும் கதையை அவர் கையாட்டிச் சொன்ன விதத்தில், தமிழ் விளங்காத பிள்ளைகளும் வாய் பிளந்து இருந்தார்கள். அதன்பிறகு அவர் விருந்தாளியாக மூலையில் இருக்கவில்லை. தமிழ்ப் பகுதியில் எந்தப் புத்தகம் கிழிந்திருக்கிறது என்றுகூட எனக்கு அறிவிப்பார். இன்று ரொறன்ரோ பொது நூலகத்தின் தொலைபேசிக் கதைச் சேவையில் பல மொழிகளோடு தமிழிலும் பிள்ளைகள் கதை கேட்கலாம்.

இதைத்தான் எங்கள் தொழிலில் வெளிக்கள சேவை என்கிறோம். நூலகத்துக்கு வருபவர்களுக்குச் சேவை செய்வது பாதி வேலை. வராதவர்கள் யார், ஏன் வரவில்லை என்று தேடிப் போவது மறுபாதி. எஸ். ஆர். ரங்கநாதன் 1931 இல் வகுத்த ஐந்து நூலக விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகரைத் தேடிக் கொடுக்கும் கடமையைச் சொல்கிறது. அந்த ரங்கநாதன்தான் எங்கள் யாழ்ப்பாணப் பொது நூலகம் அமைவதற்கும் ஆலோசனை வழங்கியவர். அந்த நூலகத்தின் தொடக்கமும் பெரிய கட்டடம் அல்ல. 1933 இல் க. மு. செல்லப்பா என்ற தனிமனிதர் தம் வீட்டில் தொடங்கிய சிறு நூலகம் அது. 1981 இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்தது. பின்னர் மறுபடி எழுந்தது. ஆட்கள் விடாமல் நின்றால் நூலகம் திரும்பவும் வரும் என்பதை எங்கள் ஊர் அறியும்.

இனி, கட்டிளமைப் பருவத்துப் பிள்ளைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஐந்தாம் வகுப்புவரை பெற்றோர் கைபிடித்து நூலகத்துக்குக் கூட்டிவருவார்கள். எட்டாம், ஒன்பதாம் வகுப்பில் பிள்ளை மறைந்துவிடுவாள். ரியூசன் விழுங்கிவிடும். திரும்ப வந்தாலும் சாதாரண தர, உயர்தர வினாத்தாள்களுக்காகத்தான். ரொறன்ரோவிலும் பதின்மூன்று வயதோடு இதே மறைவுதான். காரணங்கள்தான் வேறு.

அந்த வயதுப் பிள்ளைக்குக் கேள்விகள் கூட. கேட்பதற்கு ஆள் குறைவு. எங்கள் கிளையில் பெண்பிள்ளைகளின் உடல் வளர்ச்சி பற்றிய நூல் ஒன்று அடிக்கடி சமையல் நூல்களுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். யாரோ இரவல் எடுக்க வெட்கப்பட்டு, அங்கேயே நின்று வாசித்துவிட்டு மறைத்து வைக்கிறாள் என்று விளங்கியது. நான் அதைத் தேடிப் பிடித்து ஒழுங்குபடுத்தவில்லை. இன்னொரு பிரதியை வாங்கி உரிய இடத்தில் வைத்துவிட்டு, ஒளித்த பிரதியை ஒளித்த இடத்திலேயே விட்டேன். ஒரு பிள்ளை எதை வாசிக்கிறாள் என்பது அவளுக்கும் நூலகருக்கும் இடையிலான நம்பிக்கை. அதைப் பக்கத்து வீட்டு அன்ரியிடம் சொல்லமாட்டோம். அதேவேளை, பிள்ளை ஆபத்தில் இருக்கிறாள் என்று தெரிந்தால் உரியவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பும் எங்களுக்கு உண்டு. இந்த இரண்டையும் பிரித்தறியத்தான் பயிற்சி வேண்டும் என்கிறேன்.

எங்கள் கிளையில் இளையோரே கொண்ட ஆலோசனைக் குழுவும் இருந்தது. எந்த நூல்களை வாங்கலாம், எந்த நிகழ்ச்சி நடத்தலாம் என்று அவர்களே கூடிப் பேசுவார்கள். ஒன்ராறியோவில் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் பெற 40 மணித்தியாலத் தொண்டு கட்டாயம் என்பதால் பலர் அதற்காகத்தான் வருவார்கள். மணித்தியாலங்கள் முடிந்த பின்னும் நிற்பவர்களே என் வெற்றி.

தனியாக ஒரு நூலகத்தை நடத்துபவருக்குத் துணை வேண்டும். அந்தத் துணை இன்று காசில்லாமலே கிடைக்கிறது. நூலகச் சங்கங்களின் சர்வதேசச் சம்மேளனமான இஃப்லா, பிறப்பு முதல் 18 வயது வரையானவர்களுக்கான நூலக சேவை வழிகாட்டியை 2018 இலும், பாடசாலை நூலக வழிகாட்டியின் இரண்டாம் பதிப்பை 2015 இலும் வெளியிட்டது. இரண்டையும் இலவசமாகத் தரவிறக்கலாம். அமெரிக்க நூலகச் சங்கத்தின் இளையோர் பிரிவு ஆண்டுதோறும் தெரிவு நூற்பட்டியல்களை வெளியிடுகிறது. எங்கள் நாட்டில் 1960 இல் தொடங்கிய இலங்கை நூலகச் சங்கம் நூலகர்களுக்கான பயிற்சிநெறிகளை நடத்துகிறது. தமிழில் வாசிக்க, 2005 முதல் இயங்கும் நூலகம் எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும் பாடசாலை மலர்களும் குவிந்திருக்கின்றன. சிறு பிள்ளைகளுக்கு, ஸ்ரோரிவீவர் தளத்திலுள்ள தமிழ்க் கதைகளை அச்சிட்டே கொடுக்கலாம். உரிமம் அதற்கு இடம் தருகிறது. இத்தனையும் இருந்தும், எந்தப் பிள்ளைக்கு எது என்று தெரிந்து எடுத்துக் கொடுக்க ஓர் ஆள் இல்லையென்றால் அவை கடலில் கிடக்கும் முத்துத்தான்.

ஆகவே என் வேண்டுகோள்களைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, நூற்றாண்டு நிதியில் ஒரு பகுதியை வைப்பிலிட்டு, அதன் வட்டியில் பயிற்சி பெற்ற நூலகர் ஒருவருக்கு வேதனம் கொடுப்போம். அதிபரின் இணக்கத்தோடும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் ஊடாகவும் இதை முறையாகச் செய்ய வேண்டும். பாடசாலை விட்ட பின் மாலை 4.30 வரை நூலகம் திறந்திருக்கட்டும். வெளியூரிலிருந்து பஸ்ஸில் வரும் பிள்ளைக்கு, ரியூசனுக்கு முந்திய அந்த இடைவேளையில் ஒதுங்க ஒரு நல்ல இடம் கிடைக்கும்.

இரண்டாவது, புலம்பெயர் நாடுகளிலிருந்து பழைய புத்தகப் பெட்டிகளை அனுப்புவதை நிறுத்துவோம். அன்பில்தான் அனுப்புகிறோம். ஆனால் எங்கள் பிள்ளைகள் அங்கே வாசித்துக் கழித்த புத்தகங்களும் காலாவதியான கணினிப் பாடநூல்களும் இங்கே இறாக்கையை அடைத்துக்கொண்டிருக்கும். கப்பல் கூலிக்குப் போகும் காசை ஒவ்வொரு வருடமும் நூலகரிடம் கொடுங்கள். பிள்ளைகள் கேட்பதை அவர் இங்கேயே வாங்கட்டும். இங்குள்ள எழுத்தாளருக்கும் பதிப்பாளருக்கும் அது உதவியாகும்.

மூன்றாவது, மாணவியர் நூலகக் குழு ஒன்று அமையட்டும். அலுமாரி துடைப்பதற்கு மட்டுமல்லாமல், நூல் தெரிவில் அவர்களுக்கு வாக்கும் இருக்கட்டும்.

நான்காவது, நூலகம் மதிலுக்கு வெளியே போகட்டும். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, உயர்தர மாணவியர் ஒரு பை நிறையக் கதைப் புத்தகங்களோடு, பொறுப்பாசிரியை துணையாக வர, அயலிலுள்ள சனசமூக நிலைய வாசிகசாலைக்கோ ஆரம்பப் பாடசாலைக்கோ சிறுவர் இல்லத்துக்கோ போய்க் கதை வாசிக்கலாம். ஒக்ரோபர் தேசிய வாசிப்பு மாதத்தில் தொடங்குங்கள். ஆனால் ஒக்ரோபரோடு நிறுத்தாதீர்கள். ஒரு நாள் பெருவிழாவை விட, பிள்ளைகள் "அக்கா அடுத்த சனியும் வருவா" என்று நம்பிக் காத்திருப்பதே பெரிது.

கட்டடத்துக்குப் பெயர்க்கல் வைக்கலாம், வேதனத்துக்கு வைக்க முடியாதே என்று சிலர் யோசிக்கலாம். உண்மைதான். ஆனால் இந்தக் கல்லூரி நூறு வருடம் நிலைத்தது கல்லால் அல்ல. போரிலும் இடப்பெயர்விலும், கிடைத்த கொட்டிலிலும் மர நிழலிலும் பாடம் நடத்திய ஆசிரியைகளால் நிலைத்தது. அவர்களில் பலருடைய பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. எங்கள் ஒவ்வொருவரின் நாவிலும் இருக்கிறது.

முன்வரிசைத் தங்கைமாருக்கு ஒரு சொல். உங்களில் ஒருத்தியாவது நூலகராக வரவேண்டும். டொக்ரர், எஞ்சினியர் ஆகத் துடிக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு நூலகர் தேவை.